மகளுக்கு எண்ணெய் தேய்த்த காலம்

என் மூத்த மகள் பிறந்தபோது நான் கெலிஓயாவில் ஒரு சிறிய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். ஆறு வயதுக்குக் கீழே இருந்த யாரோடும் எனக்குப் பழக்கம் கிடையாது. ஆறு வயதுக்கு மேலே இருந்தவர்களோடும் பழக்கம் என்று சொல்லிவிட முடியாது. நான் வகுப்புக்குள் போனால் எழுந்து நிற்பார்கள், உட்காரச் சொன்னால் உட்காருவார்கள். அதற்கு மேல் இரண்டு பக்கமும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

குழந்தை வீட்டிலேயே பிறந்தது. மருத்துவச்சி அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வாசலுக்குக் கொண்டுவந்து காட்டினாள். சிவந்து, சுருங்கி, எதற்கோ என்மேல் கோபப்பட்டதுபோல இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பார்த்தவரைக்கும் போதும் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

உள்ளே போனதும் மனைவி கேட்டாள், "எப்படி இருக்கா?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்கா, அப்படின்னு சொல்லுங்க," என்று திருத்தினாள். திணை, பால் எல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஆனாலும் அந்தத் திருத்தம் எனக்கு உடனே ஏறவில்லை.

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. மகாவலி ஆற்றில் பாறைகள் வெளியே தெரிந்தன. பாறைகளுக்கு இடையில் தேங்கிய தண்ணீரில் கொசு பெருகிற்று. காய்ச்சல் வீடு வீடாக ஏறி இறங்கியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் பாதி காலி. வந்த பிள்ளைகளும் ஒரு நாள் நன்றாக இருந்து மறுநாள் நடுங்கினார்கள். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்த என் மாமியார் மகளின் பேறுகாலத்துக்கு வருவதாக இருந்தது. அவருக்கும் காய்ச்சல். ஆகவே அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் காலையில் வந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டுப் போனாள். அந்த நேரத்தில் நான் வெளியே நின்றேன். பெண்களின் வேலை நடக்கும்போது ஆண்கள் வெளியே நிற்பதுதான் மரியாதை என்று வைத்திருந்தோம். அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆவதற்குள் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. கட்டிலோடு சேர்ந்து நடுங்கினாள். ஊர் மருந்துச்சாலையில் வைத்தியம் பார்க்கிற அப்போத்திக்கரி வந்து பார்த்து, கண்டி ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார். கைக்குழந்தையைக் காய்ச்சல் வார்டில் விடமாட்டார்கள் என்பதையும் சொன்னார். குளிப்பாட்ட வந்துகொண்டிருந்த பெண்ணும் அதே வாரத்தில் படுத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் வியாபாரி குடும்பம் இருந்தது. அவருக்குப் பாக்கு வியாபாரம். அவருடைய மனைவிக்கும் அப்போது ஒரு கைக்குழந்தை, மகன். என் மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வேலியருகே வந்து கையை நீட்டினார்.

"புள்ளய இங்க தாங்க மாஸ்டர். பால் நான் குடுக்கிறன். ரெண்டு பேருக்கும் காணும்."

அவருடைய கணவர் பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தார். "ஒண்டு மட்டும் செல்லிப் போடணும் மாஸ்டர். ஒரே பால் குடிச்சா எங்கட மகனும் ஒங்கட மகளும் கூடப் பொறந்த மாதிரி. நாளைக்கி ரெண்டு பேருக்கும் கலியாணம் பேச ஏலாது."

மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய இடைஞ்சலாகப் படவில்லை. சம்மதித்தேன்.

குழந்தை இரவும் பகலும் அந்த வீட்டிலேயே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலியோரம் நின்று நான் விசாரிப்பேன். பால் குடித்ததா என்று கேட்பேன், குடித்தது என்பார். தூங்கியதா என்பேன், தூங்கியது என்பார். அத்தோடு தகப்பன் வேலை அன்றைக்கு முடிந்துவிடும். ஒரு நாள் அவர் என்ன நினைத்தாரோ, குழந்தையை வேலிக்கு மேலால் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார். அது என் முகத்தைப் பார்த்தது, வாயைத் திறந்தது, முகம் கறுக்கும்வரை அழுதது. திருப்பிக் கொடுத்தேன். அழுகை நின்றது. என்னைப் பற்றி அது எடுத்திருந்த முடிவில் சந்தேகத்துக்கு இடமில்லை.

சனிக்கிழமை ரயிலேறிக் கண்டிக்குப் போனேன். வார்டு நிறைந்து, கட்டில்களுக்கு இடையில் பாய் விரித்தும் ஆட்கள் படுத்திருந்தார்கள். என் மனைவிக்குக் கட்டில் கிடைத்திருந்தது. அன்று காய்ச்சல் சற்றுத் தணிந்த நாள். முகம் சிறுத்துப்போயிருந்தது.

"பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லாருக்கு."

"எண்ணெ தேச்சு வுடுறது யாரு?"

"யாரும் இல்ல. அந்தம்மா சுடுதண்ணியில தொடச்சு வுடுறாங்க. அவங்களுக்கும் ஊட்ல காய்ச்சக்காரங்க இருக்காங்க. அவ்வளவுதான் முடியுமாம்."

"சாயங்காலத்துல அழுவுறாளா?"

"சாயங்காலத்துலயும் அழுவுது."

அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு சொன்னாள், "நீங்க தேயுங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். வேறு யாரும் இருக்கவில்லை.

"எனக்குத் தெரியாதே," என்றேன்.

"கையைக் குடுங்க."

சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு நீட்டினேன். அவள் அதைத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "இத அவ காலுன்னு வச்சுக்குங்க," என்று தொடங்கினாள். மேலேயிருந்து கீழே, கையால் வளையம் போட்டுப் பிடித்து, மெதுவாக இழுத்துக்கொண்டு வரவேண்டும். மணிக்கட்டு வந்ததும் விட்டுவிடாமல் மற்றக் கையால் மேலே திரும்பப் பிடிக்க வேண்டும். ஒரு கை எப்போதும் குழந்தைமேல் இருக்க வேண்டும். உள்ளங்காலில் கட்டைவிரல். வயிற்றில் உள்ளங்கை, கடிகாரம் சுற்றுகிற பக்கமாக. நெஞ்சில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும், புத்தகத்தை விரித்துத் தடவுகிற மாதிரி. புத்தகம் என்றால் எனக்கு விளங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பகல் வெளிச்சத்தில், பத்துப் பேர் பார்க்க, அவள் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். அவளுடைய விரல்கள் இன்னும் சூடாகவே இருந்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண்மணி தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அந்த வழியாக வந்த தாதி நின்று, உங்களுக்குக் கையில் என்ன நோவு என்று என்னைக் கேட்டாள்.

"அவருக்கு ஒண்ணுமில்லங்க. சொல்லிக் குடுக்கிறேன்," என்றாள் என் மனைவி.

"எவ்வளவு அழுத்தணும்?" என்று கேட்டேன்.

"கனிஞ்ச வாழப்பழத்த எவ்வளவு அழுத்துனா கன்னிப்போகாதோ, அவ்வளவு." பிறகு ஞாபகம் வந்தவளாக, "மூக்கையும் கொஞ்சம் புடிச்சு வுடுங்க. ஒங்க மூக்கு வந்துருக்கு. இப்பவே எடுத்து வுட்டா சரியாப் போயிரும்," என்றாள்.

திரும்பி வரும்போது ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ரயிலில் உட்கார்ந்தேன். பழத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். எதிரே இருந்தவர் நான் அழுகல் பார்ப்பதாக எண்ணி, அந்தக் கடையில் இனிமேல் வாங்க வேண்டாம் என்று புத்தி சொன்னார். பேராதனை வருவதற்குள் ஒரு பழத்தை நசுக்கிவிட்டேன். மற்றவற்றில் முன்னேற்றம் இருந்தது.

மறுநாள் மத்தியானம், பின் விறாந்தையில் வெயில் விழுகிற நேரம் பார்த்துக் குழந்தையை வாங்கி வந்தேன். எண்ணெயைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றித் தணலின் பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கால் இரண்டையும் நீட்டித் தரையில் உட்கார்ந்து, குழந்தையை முழங்காலுக்குக் கீழே மல்லாத்தி வைத்தேன். பெண்கள் அப்படி உட்கார்வதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதில் முதுகு இந்த அளவுக்கு வலிக்கும் என்பது தூரத்திலிருந்து தெரியவில்லை.

துணியை விலக்கியதும் அது அழத் தொடங்கியது. எண்ணெய் பட்டதும் அழுகை பெரிதாயிற்று. காலைப் பிடித்தேன், வழுக்கிக்கொண்டு போயிற்று. மற்றக் காலைப் பிடிக்கப் போனபோது முதல் கால் என் தாடையில் உதைத்தது. பிறகு என்மேல் மூத்திரம் பெய்தது. யாரும் இல்லாத விறாந்தையில் நான் "பரவாயில்ல" என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "மாஸ்டர், புள்ளைக்கு அடிக்கிறீங்களா?"

"இல்லம்மா. எண்ணெ தேய்க்கிறேன்."

பிறகு அந்த அம்மா தன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்து முடியும்வரை நான் காத்திருந்தேன்.

"நீங்க ஊமை மாதிரி ஈக்கிறீங்க மாஸ்டர். பேசாமத் தேச்சாப் புள்ளைக்குப் பயம் வரும்தானே? எனத்தயாவது பேசுங்களே."

"என்ன பேசுறது?"

"எனத்தயாவது! நீங்க இஸ்கோலத்துல நாள் முழுக்கப் பேசிறீங்கதானே?"

பள்ளிக்கூடத்தில் நான் பேசுவதெல்லாம் கையெழுத்தைத் திருத்து, சத்தம் போடாதே, எழுந்து நில் என்பவைதான். எதுவும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. அந்த வாரம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. வாயில் அதுதான் வந்தது. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று என்று சொல்லிக்கொண்டே காலை மேலிருந்து கீழே பிடித்தேன். ஒரு பெருக்கலுக்கு ஒரு இழுப்பு என்று அமைந்துவிட்டது. நடுவில் எங்கேயோ அழுகை விட்டுவிட்டு வரத் தொடங்கியது, பிறகு நின்றது. குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய்ப்பாடு முடிந்ததும் மறுபடி வாயைக் கோணிற்று. நான் எட்டாம் வாய்ப்பாட்டுக்குப் போனேன்.

அன்று குளிப்பாட்டித் துடைத்துப் பால் குடிக்கக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அது தூங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் சரியாகப் போகாமல் கழுத்து மடிப்பில் பளபளத்தது. "பால் குடிக்காமலே தூங்கிட்டு," என்று அந்த அம்மா ஆச்சரியப்பட்டார். அவருக்குத் தேய்க்கும் முறையில் சில திருத்தங்களும் இருந்தன. என் மனைவி கடிகாரம் சுற்றுகிற பக்கமாக என்றதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றில் மேலிருந்து கீழேதான் தடவ வேண்டுமாம். மூக்கை இழுக்கவே கூடாதாம், ஆண்டவன் கொடுத்த மூக்காம். அடுத்த சனிக்கிழமை இதை ஆஸ்பத்திரியில் சொன்னேன். மனைவி கோபத்தில் எழுந்து உட்கார்ந்தாள். அவள் தானாக எழுந்து உட்கார்ந்தது அந்தக் காய்ச்சலில் அதுதான் முதல் தடவை. ஆகவே அடுத்த வாரமும் இப்படி ஏதாவது அபிப்பிராய பேதத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

நாளாக ஆகக் கை பழகியது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வருவேன், சாரம் மாற்றுவேன், சிரட்டையை வைப்பேன். இடது காலை முதலில் பிடித்தால் குழந்தை பொறுத்துக்கொள்ளும், வலது காலில் தொடங்கினால் சண்டை. உள்ளங்காலை அழுத்தினால் விரல் எல்லாம் மயிலிறகுபோல விரியும். முதுகைத் தேய்க்கக் குப்புறப் போட்டால் தலையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு கிழவர்கள்போல முனகும். மூக்கைத் தொடுவதற்கு மட்டும் அது இடம் கொடுக்கவில்லை. அந்த மூக்கு என் பரம்பரையின் மூக்காகவே நின்றுவிட்டது.

எங்கள் விறாந்தைக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதை ஒன்று போகும். என் மாணவர்கள் அந்தப் பாதையில்தான் வீட்டுக்குப் போனார்கள். நான் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு நிர்வாணக் குழந்தைக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். மறுநாள் வகுப்பில் நான் "ஓரேழு" என்றதும் கடைசி வாங்கில் இருமல் கிளம்பியது. காய்ச்சல் இருமல் இல்லை.

தலைமை வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். தொப்பி, கோட்டு, குடை இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. அவர் என்னைத் தம்முடைய மேசைக்குக் கூப்பிட்டார். உட்காரக் கதிரையைக் காட்டவில்லை.

"பள்ளிக்கூடத்திலை ஒரு கதை அடிபடுது, மாஸ்டர்."

"என்னங்க ஐயா?"

"நீர் பிள்ளைக்கு எண்ணெய் பூசுறீராம்."

"ஆமாங்க ஐயா. சம்சாரம் ஆஸ்பத்திரியில. வேற ஆளில்ல."

அவர் மேசையில் இருந்த பேனையை எடுத்துப் பார்த்தார், வைத்தார். வாத்தியார் என்றால் பிள்ளைகள் பயப்பட வேண்டும் என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"நல்லெண்ணெயோ, தேங்காய் எண்ணெயோ?"

"தேங்காயெண்ணெங்க."

"ஓம், இங்கத்தைய குளிருக்கு அது கூடாது. நல்லெண்ணெய் பூசும்." ஜன்னல் பக்கம் திரும்பினார். "எனக்கு ஆறு பிள்ளையள். ஒண்டையும் நான் அந்த வயதிலை தூக்கினதில்லை. பயமாக் கிடக்கும், விழுத்திப்போடுவனெண்டு. சரி, நீர் போம்."

அன்று மாலை கடையில் நல்லெண்ணெய் வாங்கினேன். குழந்தைக்கு அதன் மணம் பிடிக்கவில்லை. தேங்காய் எண்ணெய்க்கே திரும்பினேன். தலைமை வாத்தியாரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடைசி மணிக்கு முன்பே, "நேரமாகுதல்லோ, போம்," என்று என்னை விட்டுவிடுவார்.

ஒரு புதன்கிழமை, வயிற்றில் கையை வைத்ததும் எனக்கு எதுவோ சரியில்லை என்று பட்டது. எண்ணெய் ஆறிப்போயிருந்தது, ஆனால் கைக்குச் சூடு வந்தது. மறுபடி வைத்துப் பார்த்தேன். இடது விலாவுக்குக் கீழே, முந்திய நாளில்லாத ஒரு தடிப்பு விரலில் தட்டியது. குழந்தை அழவில்லை. இடது காலைப் பிடித்தபோது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

துணியில் சுற்றிக்கொண்டு வேலிக்குப் போனேன். அந்த அம்மா நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடில்லயே மாஸ்டர். வெயில்ல வெச்சிருந்தீங்கதானே?"

"இல்லம்மா, இது அந்தச் சூடு இல்ல."

"எங்கட மகனும் இப்பிடித்தானே ஈக்கிறான்?"

"அவன எனக்குத் தெரியாது. இவளத் தெரியும்," என்றேன்.

சாரத்தோடும் எண்ணெய்க் கையோடும் மருந்துச்சாலைக்கு நடந்தேன். ஊரில் எல்லோரும் என்னை அந்தக் கோலத்தில் பார்த்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். மருந்துச்சாலையில் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. குழந்தையைக் கண்டு ஆட்கள் வழி விட்டார்கள். அப்போத்திக்கரி சூடு பார்த்து, அதிகமில்லை என்றார். நான் அவருடைய விரலை எடுத்து அந்தத் தடிப்பின்மேல் வைத்தேன். இப்போது நினைத்தால் அது அதிகப்பிரசங்கித்தனம். அவர் அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"மண்ணீரல் வீங்கத் தொடங்கியிருக்கு. நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க. ராத்திரிக்குள்ள பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருக்கும் காய்ச்சல்," என்று சொல்லிவிட்டுக் கசப்பான கொயினா மருந்தைக் கலந்து கொடுத்தார். காய்ச்சல் விடும்வரை எண்ணெயும் வேண்டாம், குளிப்பும் வேண்டாம் என்றார்.

குழந்தையை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். காய்ச்சல் அன்று ஏறியது. அப்புறம் இறங்கியது, மறுபடி ஏறியது. கொயினாவைத் துளித் துளியாக நான்தான் வாயில் விட்டேன். ஒவ்வொரு துளிக்கும் அவள் பிறந்த அன்று பார்த்த பார்வையைப் பார்த்தாள். பால் நேரத்துக்குப் பக்கத்து வீட்டம்மா எங்கள் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார். தலைமை வாத்தியார் என் வகுப்பைத் தம்முடைய வகுப்போடு சேர்த்துக்கொண்டார். எனக்கு லீவு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வரச்சொல்லி அவரும் ஆளனுப்பவில்லை.

அந்த நாட்களில் மத்தியானம் வெயில் விறாந்தைக்கு வந்ததும் என் கை இரண்டும் மடியில் கிடக்கும். என்ன செய்வது என்று தெரியாது. ஒரு நாள் சிரட்டையைக் கழுவினேன். கழுவத் தேவையில்லை, அது சுத்தமாகத்தான் இருந்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் எனக்கே மறந்துபோனது. வாத்தியாராகி அப்படி நடந்தது முதல் தடவை.

பிறகு ஒரு காலையில் வியர்த்து, காய்ச்சல் விட்டது. அப்போத்திக்கரி இன்னும் சில நாள் பொறுக்கச் சொன்னார், பொறுத்தோம். மறுபடி அவளைக் கால்மேல் போட்டபோது விலா எலும்பு ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டுப்பட்டது. இடது காலை நீட்டினாள். பிடித்தேன். பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தாள். அதை முதலில் பார்த்தது நான். வேலிக்கு அந்தப் பக்கம் போய்ச் சொன்னேன். அந்த அம்மா தன் மகன் போன வாரமே சிரித்துவிட்டதாகச் சொன்னார். அது வேறு சிரிப்பு என்று நான் சொல்லிவிட்டு வந்தேன்.

என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். தலைமயிர் கொட்டி, மீதியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மகளுக்குக் காய்ச்சல் வந்ததை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. வழியில் ரயிலில் சொன்னேன். இறங்கியதும் அவள் நடையை வேகமாக்கினாள். வாசலிலேயே பக்கத்து வீட்டம்மா குழந்தையோடு நின்றார்.

மனைவி வாங்கினாள். குழந்தை அவளுடைய முகத்தைப் பார்த்தது, வெட்டிய தலையைப் பார்த்தது, வாயைத் திறந்தது. அந்த அழுகை எனக்குத் தெரிந்த அழுகை. அழுதுகொண்டே உடம்பை வளைத்து என் பக்கம் சாய்ந்தது.

"ஒங்ககிட்டத்தான் போறா," என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்துகொண்டாள். என் தோளில் குழந்தை உடனே அடங்கியது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் அதற்கு நேரம் அதுவாக இருக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா, "பால் என்ட, அன்பு மாஸ்டர்ட, பாவம் அந்தப் பெத்தவ," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு வந்த நாட்களில் நான் எண்ணெய் தேய்க்கும்போது மனைவி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கிட்ட வரமாட்டாள். ஒரு நாள் நான் சிரட்டையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நீ தேயி."

"கை நடுங்குது."

"நடுங்கட்டும். நான் புடிச்சுக்குறேன்."

"அழுவா."

"அழட்டும். எனக்கும் அழுதா. மேல பேஞ்சா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். குழந்தையை அவள் காலில் வைத்து நான் தலைப்பக்கம் இருந்துகொண்டேன். அவள் கையில் எண்ணெயை எடுத்து வலது காலைப் பிடித்தாள்.

"இடது கால மொதல்ல," என்றேன்.

"நான் அப்படிச் சொல்லிக் குடுக்கலயே."

"அவளுக்கு அதான் புடிக்கும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இடது காலுக்கு மாறினாள். குழந்தை அழுதது. அவள் ஒரு தாலாட்டை எடுத்தாள், நல்ல குரல். அழுகை கூடியது.

"அது பழக்கமில்ல. ஏழாம் வாய்ப்பாடு சொல்லு," என்றேன்.

"வேற ஒண்ணும் தெரியாதா ஒங்களுக்கு?"

"எட்டும் சொல்லிருக்கேன். ஏழுதான் நல்லாக் கேக்குது."

மனைவி தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவள். ஓரேழு ஏழு என்று தயங்கித் தயங்கித் தொடங்கினாள். ஐயேழு முப்பத்தைந்துவரை சரியாக வந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு முதலில் என்னைப் பார்த்தது, அப்புறம் சத்தம் வருகிற பக்கம் பார்த்தது. ஆறேழு நாற்பத்தாறு என்றாள் மனைவி.

"நாப்பத்திரண்டு," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள். ஆனால் அவள் முகத்தில் அத்தனை நாளைக்குப் பிறகு ஏதோ இளகியது. கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து குழந்தையின் வயிற்றில் விழுந்தது. அதையும் எண்ணெயோடு சேர்த்துத் தேய்த்துவிட்டாள், கடிகாரம் சுற்றுகிற பக்கமாக. குழந்தை அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது பிடித்தபடி வைத்திருந்தது. அவள் ஒற்றைக் கையாலேயே மிச்சத்தையும் முடித்தாள்.

அப்படிக் கொஞ்ச நாள் இரண்டு பேருமாகத் தேய்த்தோம். ஆளுக்கு ஒரு கால், ஆளுக்கு ஒரு கை. முதுகு யாருக்கு என்பதில் மட்டும் தகராறு வரும். பிறகு ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தபோது பின்கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"முடியப்போவுது. நீங்க முன்பக்கம் இருங்க," என்றாள் உள்ளேயிருந்து.

முன் விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மனைவி என்னவோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சொல் ஒன்றும் பிடிபடவில்லை. நடுவில் நடுவில் மகள் சத்தமாகச் சிரிப்பது மட்டும் கேட்டது. நான் சொன்ன வாய்ப்பாட்டுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை. இரண்டு பேரும் தேறிவிட்டார்கள், நல்ல விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது நான் ஒன்றும் பேசவில்லை. வழக்கமாகவே பேசுகிறவன் இல்லை. ஆனாலும் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம நீங்க தேயுங்க," என்றாள், சோற்றைப் போட்டுக்கொண்டே.

"வேற நாளு?"

"வேற நாளெல்லாம் நான் பெத்தவ."

அப்படியே ஏற்பாடாயிற்று. மழை வந்தது, ஆறு நிறைந்தது, வாங்குகளும் நிறைந்தன. சில இடங்கள் நிறையவே இல்லை, அந்தப் பிள்ளைகளின் பெயரை நான் கூப்பிடாமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டேன். பக்கத்து வீட்டம்மா தன் மகனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து என் காலில் போட்டு, "இவனுக்கும் தேச்சு விடுங்க மாஸ்டர், எனக்கு அடுப்புல வேல ஈக்கு," என்று போய்விட்டார். அவனுக்கு வலது காலைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். வாய்ப்பாடு அவனுக்குச் சகிக்கவில்லை.

மகள் தவழத் தொடங்கியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, முதுகுக்காகக் குப்புறப் போட்டேன். போட்டதும் கைகளை ஊன்றினாள், என் காலிலிருந்து வழுக்கி இறங்கினாள், விறாந்தையில் ஓடினாள். தவழ்வதற்கு அந்த வேகம் கிடையாது, ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். பின்னாலேயே நானும் முழங்காலில் போனேன். கணுக்காலைப் பிடித்தேன், எண்ணெயில் நழுவியது. மறுபடி பிடித்தேன், மறுபடி நழுவியது. மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள், உதவிக்கு வரவில்லை.

"இனிமே அவ படுத்துக் கெடக்கமாட்டா. வுடுங்க," என்றாள்.

மகள் உள்ளே தவழ்ந்து சுவரோரம் போனாள். அங்கே ஆணியில் என் பள்ளிக்கூடத்துக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஆணி தாங்கியது. முழங்காலை நிமிர்த்தி, ஆடி, எழுந்து நின்றுவிட்டாள். நின்றபடி திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். நாங்கள் பேசாமல் நின்றோம், பேசினால் விழுந்துவிடுவாள் என்று.

கோட்டில் இரண்டு கை அடையாளமும் அப்படியே பதிந்துவிட்டது. மனைவி சவுக்காரம் போட்டுப் பார்த்தாள், அரைவாசிதான் போனது. திங்கட்கிழமை அதைத்தான் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வேறு கோட்டு என்னிடம் இல்லை.